கனஅடி

ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
மேட்டூரிலிருந்து ஒன்று அறுபது.

ஒன்று என்றால் லட்சம், அறுபது என்றால் ஆயிரம்.
மதகு வேலையில் நாங்கள் சுழியங்களைச் சொல்வதில்லை.
அவை தாமே வந்து சேரும்.

அணைக்கரையில் வானம் வெறிச்சென்றிருந்தது.
மழைமானியின் குடுவைக்குள் செத்த ஈசல் ஒன்று,
அதுவும் காய்ந்து.
பல்சக்கரத்துக்கு மசகு தடவிவிட்டு
அந்தக் கையோடே பதிவேட்டில் எழுதினேன்:
மழை இல்லை.

விடியலில் திட்டிலிருந்து ஏறி வந்தாள் தையல்நாயகி.
இரண்டு ஆடு, ஒரு கேஸ் சிலிண்டர்,
போர்வையில் சுற்றிய டிவி.
அவள் வீடு ஆற்றுக்குள் இருக்கிறது.
அப்படிச் சொன்னால் கோபம் வரும் அவளுக்கு.
மின்கம்பம் உண்டு, வீட்டுவரி ரசீது உண்டு,
பாலகுரு மடிகேரிப் பக்கம் பொக்லைன் ஓட்டி
மாதாமாதம் அனுப்பிய பணத்தில் போட்ட தளம் உண்டு.
மலையை வெட்டிய கூலியில்
ஆற்றில் எழும்பிய வீடு.

சித்திரையில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான்.
விடுதிக்குப் போகும் சாலை.
பிடுங்கிய காப்பிச் செடிகள் ஓரமாய்க் குவிந்திருக்க
வாளி இறங்கும் இடமெல்லாம் சிவப்பு.
“கேசரி மாதிரி வருது பாரு” என்றது அவன் குரல்.
என்னிடம் காட்டிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.

அண்டை வெட்டி வளர்ந்தவன் அவன்.
அடியைக் கொத்தினால் மேல்வரப்பு நிற்காது என்பது
இந்தப் பக்கத்தில் நண்டுக்கும் தெரியும்.
ஆனால் அங்கே ஒருவர் டேப் பிடித்தார்,
ஒருவர் சுண்ணாம்புக் கோடு போட்டார்,
ஒருவர் டீசல் ஊற்றினார்.

போன வியாழக்கிழமை அந்த வளைவு இறங்கியது.
நாலு நாள் மழையைக் குடித்துக் கனத்த மண்,
பிடித்து நிறுத்த வேரில்லாமல்,
கீழே தகரக் கொட்டகையில் தூங்கியவர்கள் மேல்.
பாலகுரு உருளைப்பட்டைக்கு ஒரு போல்ட் வாங்கப் போயிருந்தான்.
இப்போது அதே வண்டியில்
அதே மண்ணை மெதுவாகத் தோண்டுகிறான்.
வாளியின் பற்களைக்
கழற்றிவிடச் சொன்னார்களாம்.

மலை வரவில்லை எங்களுக்கு.
ஹாரங்கியில் கொஞ்சம், கண்ணம்பாடியில் கொஞ்சம்,
மிச்சம் மேட்டூரின் அடியில்.
அத்தனை இடத்தில் வடிகட்டி
இறங்கி வந்தது தண்ணீர் மட்டும்,
எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லாத தண்ணீர்.
கழிமுகத்தில் என் மச்சானின் சவுக்குத் தோப்பைக்
கடல் வரிசை வரிசையாய் எடுக்கிறது.
வண்டல் வந்தால் கரை நிற்கும் என்கிறான்.
போன் செய்து கேட்கிறான்,
ஏதோ நான் பூட்டி வைத்திருப்பது போல.

இரண்டாம் நாள் மதியம் எல்லாக் கண்களையும் திறந்தேன்.
திறக்காவிட்டால் கரை போகும்.
திறந்தால் திட்டு.
“ஆர்டர் வந்துடுச்சு” என்றேன்.
“அவருக்கும் அப்படித்தான் வந்துச்சு” என்றாள்.
ஆட்டுக்கு ஒரு கொத்து வாகை ஒடித்துப் போட்டாள்.

சாயங்காலம் கரைமேல் நின்று
அவனுக்கு வீட்டைக் காட்டினாள்.
ஜன்னல் வரை ஆறு.
முன்கதவைத் தானே திறந்து
தானே சாத்திக்கொண்டிருந்தது தண்ணீர்.
வெயில் நன்றாக அடித்தது.

வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை அவன்.
“ஏன் இவ்வளவு தெளிவா இருக்கு?”
என்றான். மறுபடியும் அதையே.
எங்கள் கண்ணுக்கு அது கலங்கல்தான்.
“நீங்களே சொல்லுங்க” என்று
கைப்பேசியை என் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

புருவம் வரை சிவப்பாய் இருந்தான்.
பின்னால் யாரோ கை காட்ட
வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
ஒன்று நாற்பத்தெட்டு.